தெருவை வளர்த்தவர்கள்

தம் வீட்டு முற்றத்தைப் பெருக்காதவர் அரியர். வாயிலிற் கிடக்கும் சிறு துரும்பும் கண்ணை உறுத்தும். உடனே அதனை எடுத்தெறிவர். எறியும் இடம் யாது? பெரும்பாலும் அது தெருவாகவே இருக்கும். தெரு எல்லார்க்கும் உரியது. அதனாலேயே அதனைத் தமக்கு உரியதென எவரும் எண்ணுவதில்லை. ‘பொது’ என்னும் சொல்லுக்கு ‘எனக்கும் உரியது’ என்பதே உண்மைப் பொருள். ஆனால், ‘எனக்குப் பொறுப்பில்லாதது’ என்னும் பொருளையே நம் நடை அதற்குக் கற்பித்துவிடுகிறது. இப்பிழைப் பொருள் மேலோங்கிய ஊர் நாளடைவில் பாழ்படும். உண்மைப் பொருளை உணர்ந்தோர் சிலரேனும் தோன்றிய ஊர், பாழ்பட்ட பின்னரும் மீண்டும் தழைக்கும்.

ஊரை அழகுபடுத்தும் தொண்டு உலகின் பல நாடுகளில் நிகழ்ந்து வருகிறது. அயர்லாந்தில் 1958ஆம் ஆண்டு முதல் துப்புரவில் சிறந்த ஊர்களுக்குப் பரிசு வழங்கி வருகின்றனர். பிரான்சு நாட்டில் 1959ஆம் ஆண்டிலும், பிரிட்டனில் 1963ஆம் ஆண்டிலும் மலர்ச்செடிகளால் பொலியும் ஊர்களுக்கான போட்டிகள் தொடங்கப்பெற்றன. பரிசு பெறும் ஆர்வம் ஆங்கெல்லாம் மக்களை ஊக்கியது. பரிசளிப்பார் எவருமின்றி, இடிந்த சுவர்களுக்கிடையே இத்தொண்டு முளைத்தெழுந்த வரலாறும் ஒன்று உண்டு. அது நியூயார்க் மாநகரின் வரலாறு ஆகும்.

நியூயார்க் என்றவுடன் வானளாவிய மாளிகைகளும் பெருஞ்செல்வமுமே பலர் நினைவிற்கு வரும். ஆயினும், 1970ஆம் ஆண்டினை ஒட்டிய காலத்தில் அந்நகரின் பல பகுதிகள் கண்டார் இரங்கும் நிலையில் இருந்தன. தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. வசதியுடையோர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். 1970ஆம் ஆண்டில் ஏறத்தாழ 79 இலட்சமாக இருந்த மக்கள் தொகை, 1980ஆம் ஆண்டில் ஏறத்தாழ 71 இலட்சமாகக் குறைந்தது. 1975ஆம் ஆண்டில் நகராட்சியே கடன் சுமையால் நொடித்துப்போகும் நிலையை அடைந்தது.

ஏழைகள் வாழ்ந்த பகுதிகளே இதனால் மிகுதியும் தாக்குண்டன. வரும் வாடகை வரிக்கும் பழுதுபார்க்கும் செலவிற்கும் போதாது எனக் கண்ட உரிமையாளர் பலர், தம் கட்டடங்களை அப்படியே கைவிட்டனர். வரி செலுத்தப்படாத மனைகள் நகராட்சியின் கைக்கு வந்து சேர்ந்தன. ஆளற்ற வீடுகள் தீக்கிரையாயின, எஞ்சியவை இடிக்கப்பட்டன. இடிந்த செங்கற்குவியலின்மேல் உடைந்த நாற்காலியையும் பழம் மெத்தையையும் கொண்டுவந்து கொட்டினர் சிலர். அங்குக் குப்பை பெருகியது, எலிகள் பெருகின, அவற்றோடு குற்றங்களும் பெருகின. நகராட்சியிடம் பொருள் இல்லை. மக்களிடம் நம்பிக்கை இல்லை. இந்நிலையில் எவர்தாம் என் செய்ய இயலும்?

இவ்வினாவிற்குச் செயலால் விடையிறுத்தவர் ஒரு மூதாட்டியார். அவர் பெயர் ஹாட்டி கார்த்தன். 1900ஆம் ஆண்டில் விர்ஜீனியா மாநிலத்திற் பிறந்த கறுப்பினப் பெண்மணியாகிய அவர், நியூயார்க்கின் புரூக்லின் பகுதியிலுள்ள பெட்போர்டு ஸ்டைவசண்ட் என்னும் பேட்டையில் வாழ்ந்து வந்தார். அவர் குடிவந்த காலத்தில் அப்பேட்டையின் தெருக்களில் நிழல்மரங்கள் நின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. பட்ட மரங்களின் இடத்தில் புதிய மரம் நடுவார் இல்லை. மரங்கள் மறைவதும் தெருவின் வாழ்வு தேய்வதும் ஒருங்கே நிகழ்வதை அம்மையார் கண்டார்.

அப்பொழுது அவருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. ஓய்வாக அமர்ந்திருக்க வேண்டிய பருவம் அஃது. ஆயினும் அவர் அண்டை வீட்டாரைக் கூட்டித் தெருச்சங்கம் ஒன்றை அமைத்தார். தெருவிலேயே விருந்தும் விழாவும் நடத்திச் சிறு தொகை திரட்டினர். அத்தொகையைக் கொண்டு மரக்கன்றுகள் வாங்கி நட்டனர். அம்மையார் அத்துடன் அமையவில்லை. நகராட்சியின் பூங்காத் துறையை அணுகி வாதாடினார். மக்கள் நான்கு மரங்களை விலைக்கு வாங்கினால் நகராட்சி ஆறு மரங்களை வழங்குதல் வேண்டும் என்னும் ஏற்பாடு அவர் முயற்சியால் உருவாயிற்று. இவ்வேற்பாட்டின் நுட்பம் கருதத்தக்கது. முற்றும் இலவசமாக வருவதைப் பேணுவார் குறைவு. முற்றும் தம் செலவிலேயே செய்வதற்கோ ஏழை மக்களால் இயலாது. பாதிச் சுமையை ஏற்ற தோள், அதனை எளிதில் இறக்கி வைக்காது. தாம் பொருள் கொடுத்து வாங்கிய மரத்திற்கு மக்கள் தாமே நீர் ஊற்றினர்.

ஒரு தெருவில் தொடங்கிய பணி தெருத்தெருவாகப் பரவியது. அவர் தலைமையில் இயங்கிய அழகுபடுத்தும் குழுவில் நூறு தெருச்சங்கங்கள் இணைந்தன. 1,500க்கு மேற்பட்ட மரங்கள் நடப்பட்டன. நட்ட மரங்களைக் காப்பவர் யாவர்? சிறுவரும் சிறுமியரும் ஆவர். 1971ஆம் ஆண்டில் அம்மையார் இளைஞர் மரப்படை ஒன்றை நிறுவினார். நீர் பாய்ச்சுதல், மண்ணைக் கிளறுதல், கிளை கழித்தல், மரங்களை இனங்காணுதல் ஆகியவற்றை அப்படையிற் சேர்ந்தோர் பயின்றனர். மரத்தின் கிளையை விளையாட்டாக ஒடிக்கும் பருவத்தினரையே மரத்திற்குக் காவலராக்கியது அவருடைய அறிவின் திறம் அன்றோ?

அப்பேட்டையிலேயே லாபயெட் நிழற்சாலையில் ஒரு மக்னோலியா மரம் நின்றது. அது தென்மாநிலங்களுக்கு உரிய மரம். என்றும் பசுமை மாறாத தடித்த இலைகளும், மணமிக்க பெரிய வெண்மலர்களும் உடையது. 1885ஆம் ஆண்டளவில் வட கரோலினாவிலிருந்து கன்றாகக் கொண்டுவரப்பட்டு நடப்பட்டது. நியூயார்க்கின் கடுங்குளிர் அவ்வினத்திற்கு ஒவ்வாது. ஆயினும், அதன் பின்னே நின்ற பழைய வீடுகள் குளிர்காற்றைத் தடுத்து அரண்போல் காத்தமையால் அது ஓங்கி வளர்ந்தது. அவ்வீடுகளை இடிக்கும் நிலை நேர்ந்தபொழுது, அரண் வீழ்ந்தால் மரமும் வீழும் என்பதை அம்மையார் உணர்ந்தார். மக்களைத் திரட்டினார், அலுவலகங்களின் படிகளை அயராது ஏறி இறங்கினார். 1970ஆம் ஆண்டில் நகராட்சி அம்மரத்தைப் பாதுகாக்கப்பட வேண்டிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. காற்றைத் தடுத்த வீடுகளும் காக்கப்பட்டு, இயற்கைக் கல்வி புகட்டும் நிலையமாயின. தென்னாட்டிலிருந்து வந்து, குளிரைத் தாங்கி வேரூன்றிய அம்மரத்தின் வாழ்வு, அவ்வாறே தென்மாநிலங்களிலிருந்து குடிபெயர்ந்து வந்த அப்பேட்டை மக்கள் பலருடைய வாழ்வினையே ஒத்திருந்தது. அதனாற்போலும், அதனைத் தம்முள் ஒருவராகவே அவர்கள் எண்ணினர்.

புரூக்லினில் மரங்கள் தழைத்து வந்த அக்காலத்தில், ஆற்றுக்கு அப்பாலுள்ள மன்ஹாட்டன் தீவில் மற்றொரு முயற்சி தோன்றியது. அங்கே பவரி என்பது ஒரு தெருவின் பெயர். அது டச்சு மொழியில் ‘பண்ணை’ எனப் பொருள்படும் சொல்லின் திரிபாகும். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் ஆண்ட காலத்தில் அப்பகுதி உழவு நிலமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டிலோ அப்பெயர் பொருளற்ற வெறும் ஒலியாயிற்று. வீடற்றோரும் குடியால் கெட்டோரும் இரவைக் கழிக்கும் மலிவு விடுதிகளே அத்தெருவின் அடையாளமாயின.

அப்பகுதியில் வாழ்ந்து வந்தவர் லிஸ் கிறிஸ்டி என்னும் இளம் ஓவியக் கலைஞர். 1973ஆம் ஆண்டில் அவரும் அவர் நண்பர்களும் ஒரு குழுவாகச் சேர்ந்து, தமக்குப் ‘பசுமைக் கெரில்லாக்கள்’ என்று பெயரிட்டுக் கொண்டனர். மறைந்திருந்து தாக்கும் சிறுபடையைக் கெரில்லாப் படை என்பர். இப்படையினர் ஏந்திய படைக்கலமோ விதை! விதைகளையும் உரத்தையும் சேர்த்து உருண்டைகளாக்கி, வேலியிட்டு அடைக்கப்பட்டிருந்த வெற்றுமனைகளுக்குள் எறிந்தனர். ஆளற்ற கட்டடங்களின் சன்னல் விளிம்புகளில் பூந்தொட்டிகளை வைத்தனர். வண்டிகள் ஓடும் பெருந்தெருக்களின் நடுத்திட்டுகளில் சூரியகாந்தி விதைகளை ஊன்றினர். செங்கற்குவியலிடையே ஒரு பூ மலர்ந்திருக்கக் கண்ட வழிப்போக்கர், ‘இந்நிலத்திலும் செடி முளைக்குமோ!’ என வியந்து நின்றிருப்பர். அவ்வியப்பை எழுப்புதலே அக்குழுவினரின் நோக்கம்.

விதையை எறிவது எளிது. விளைந்ததைப் பேணுவது அரிது. ஆகவே அவர்கள் ஓரிடத்தில் நிலைத்துப் பணிசெய்ய விரும்பினர். பவரித் தெருவும் ஹவுஸ்டன் தெருவும் கூடும் மூலையில் குப்பை நிறைந்த மனை ஒன்று கிடந்தது. தொண்டர்கள் அங்கிருந்த இடிபாடுகளை அகற்றி, வேலி அமைத்து, வளமான மண்ணைக் கொணர்ந்து பரப்பினர். 1974ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் நகராட்சி அவ்விடத்தைத் தோட்டம் அமைப்பதற்குக் குத்தகையாக வழங்க இசைந்தது. குத்தகைத் தொகை திங்களுக்கு ஒரு டாலர். அறுபது மேட்டுப்பாத்திகள் அமைக்கப்பட்டுக் காய்கறிகள் பயிராயின. பின்னர் மரங்களும் மலர்ச்செடிகளும் நடப்பட்டன. பல நூற்றாண்டுகள் கடந்து பவரி மீண்டும் தன் பெயருக்குரிய பொருளைப் பெற்றது.

நகர நடுவில் தோட்டம் அமைப்பது வயலில் பயிரிடுவது போன்றதன்று. கட்டடம் இடிந்த மனையின் மண்ணில் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்திருக்கும். பழைய வண்ணப்பூச்சிலிருந்து உதிர்ந்த ஈயம் என்னும் நச்சுப் பொருளும் படிந்திருக்கும். அதில் நேரே பயிரிட்ட காய்கறியை உண்பது உடலுக்குத் தீங்கு. ஆகவேதான் பலகைகளால் வரம்பு கட்டி, நல்ல மண்ணை நிரப்பி, மேட்டுப்பாத்திகள் அமைக்கின்றனர். கிணறில்லாத இடமாதலின், தெருவோரத்துத் தீயணைப்புக் குழாயிலிருந்து இசைவு பெற்று நீர் எடுக்கின்றனர். சமையற் கழிவும் உதிர்ந்த இலையும் மட்கி எருவாகின்றன. உயர்ந்த கட்டடங்களின் நிழலிலும் வண்டிப் புகையிலும் எச்செடி பிழைக்கும் என்பதைப் பவரித் தோட்டத்தார் தாமே நட்டு ஆராய்ந்தனர். கண்டறிந்ததைப் பிற பகுதி மக்களுக்கும் பயிற்சி வகுப்புகளில் கற்பித்தனர். தம் நாற்றுகளையும் பகிர்ந்தளித்தனர்.

நகரெங்கும் தோட்டங்கள் பெருகின. மக்கள் செயலைக் கண்ட நகராட்சியும் 1978ஆம் ஆண்டில் அவர்களுக்கு உதவும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ‘கிரீன் தம்’ எனப் பெயரிட்டது. ‘பச்சைப் பெருவிரல்’ என்பது அதன் பொருள். செடி வளர்ப்பதில் கைராசியுடையவரை ஆங்கிலம் பேசுவோர் அவ்வாறு குறிப்பர். இத்திட்டத்தின்கீழ் இன்று ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தோட்டங்கள் உள்ளன. நிலமும் கருவியும் மண்ணும் நகராட்சி உதவுகிறது; உழைப்பு மக்களுடையது. தோட்டம் உறுப்பினர்க்கு மட்டும் உரிய அடைத்த கதவாக ஆகிவிடுதல் கூடாது. குறிப்பிட்ட நேரங்களில் ஊரார் அனைவர்க்கும் அதன் வாயில் திறந்திருத்தல் வேண்டும் என்பது விதி. போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்து குடியேறியோர், தம் நாட்டு முறைப்படி சிறு மரவீடுகளைத் தோட்டத்துள் கட்டினர். அங்கே முதியோர் கூடிப் பேசினர், பிள்ளைகள் விளையாடினர், பண்டிகைகள் நடந்தன. முன்பு ஒருவர் முகத்தை ஒருவர் அறியாதிருந்தோர், பாத்தியின் இருபுறமும் நின்று பேசிப் பழகி நண்பராயினர்.

லிஸ் கிறிஸ்டி அம்மையார் 1985ஆம் ஆண்டில் மறைந்தார். மறு ஆண்டில் பவரித் தோட்டத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. ஆயினும் தோட்டங்களுக்குரிய பெருஞ்சோதனை அதன் பின்னரே வந்தது.

தொண்டர் கை பட்ட தெருக்கள் பொலிவுற்றன. காலப்போக்கில் நகரின் செல்வநிலையும் உயர்ந்தது. குடியேற மக்கள் வந்தனர். மனைகளின் விலை ஏறியது. எவரும் வேண்டாது கிடந்த நிலத்தை இப்பொழுது பலர் விரும்பினர். நிலமோ சட்டப்படி நகராட்சியினுடையது. தோட்டத்தார் அதில் இசைவு பெற்றுப் பணி செய்தவரேயாவர். 1999ஆம் ஆண்டில் மேயர் ரூடால்ப் ஜூலியானியின் ஆட்சி, 114 தோட்டங்களை ஏலத்தில் விற்க முனைந்தது. நகரில் வீடுகள் குறைவு. வெற்றுமனைகளில் வீடு கட்டுதல் வேண்டும் என்பது ஆட்சியாளரின் வாதம். ‘இருபது ஆண்டுகள் குப்பை சுமந்து, மண் கொட்டி, மரம் வளர்த்தோம், இதனை வெற்றுமனை என்பது எங்ஙனம் பொருந்தும்?’ என்பது மக்களின் வாதம். இரண்டும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. தலைக்குமேற் கூரையும் வேண்டும். மூச்சுவிடப் பசுமையும் வேண்டும்.

மக்கள் கிளர்ந்தெழுந்தனர். இளைஞர் ஒருவர் சூரியகாந்திப் பூவைப் போல் வேடம் புனைந்து, நகர மன்றத்தின் அருகிலுள்ள மரத்தில் ஏறி அமர்ந்து முறையிட்டார். இறுதியில், ஏலம் நிகழுமுன்னரே இரண்டு அறநிறுவனங்கள் முன்வந்து, 42 இலட்சம் டாலருக்கு அந்த 114 தோட்டங்களையும் வாங்கிக் காத்தன. அவற்றுள் ஒன்று நடிகையும் பாடகியுமான பெட் மிட்லர் நிறுவியது.

எல்லாத் தோட்டங்களுக்கும் அந்நற்பேறு வாய்க்கவில்லை. மன்ஹாட்டனில் ‘எஸ்பெரான்சா’ என்றொரு தோட்டம் இருந்தது. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு ‘நம்பிக்கை’ என்பது பொருள். அதனைக் காக்க விரும்பியோர், போர்ட்டோ ரிக்கோவிற்கு உரிய சிறு தவளையின் உருவைப் பெரிதாகச் செய்து வாயிலில் நிறுத்தி, அதனுள் இரவு பகலாகக் காவல் இருந்தனர். 2000ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இயந்திரங்கள் வந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்த தோட்டம் ஒரே நாளில் மண்ணோடு மண்ணாயிற்று. அதே நாளில், பிற தோட்டங்களை அழித்தல் கூடாது என நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எஸ்பெரான்சா அழிந்தது, ஆனால் அதன் அழிவு மற்றவற்றிற்கு அரணாக அமைந்தது. 2002ஆம் ஆண்டில் மாநில அரசின் தலைமை வழக்கறிஞருக்கும் புதிய மேயருக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. பெரும்பாலான தோட்டங்கள் நிலைபெற்றன. சில மனைகள் வீடு கட்ட ஒதுக்கப்பட்டன.

தோட்டங்களால் விளையும் பயன் கண்ணுக்கு இனிமை ஒன்றுதானா? இதனை அளந்தறிய அமெரிக்காவின் மற்றொரு நகரமாகிய பிலடெல்பியாவில் ஆராய்ச்சி ஒன்று நடைபெற்றது. 541 வெற்றுமனைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் மூவகையாகப் பிரித்தனர். ஒரு வகையில் குப்பையை நீக்கி, நிலத்தைச் சமன்செய்து, புல்லும் சில மரங்களும் வைத்து, தாழ்வான மரவேலி இட்டனர். இரண்டாம் வகையில் குப்பையை மட்டும் அகற்றினர். மூன்றாம் வகையை இருந்தவாறே விட்டனர். முடிவுகள் 2018ஆம் ஆண்டில் வெளியாயின. வறுமை மிக்க பகுதிகளில், சீர்செய்யப்பட்ட மனைகளைச் சூழ்ந்து நிகழ்ந்த துப்பாக்கிக் குற்றங்கள் 29 விழுக்காடு குறைந்தன. பசுமையாக்கப்பட்ட மனைகளின் அருகில் வாழ்ந்தோருள், மனச்சோர்வு உற்றதாகக் கூறியோர் தொகை 41 விழுக்காட்டிற்கு மேல் குறைந்தது. குப்பையை மட்டும் அகற்றிய இடங்களில் மனநிலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. இதனால் அறியத்தக்கது யாது? அழுக்கு நீங்குவது மட்டும் போதாது. ‘இவ்விடத்தைப் பேணுவார் உளர்’ என்பதற்குரிய அடையாளமும் வேண்டும். ஒரு சிறு வேலி, ஒரு மரம், வெட்டிச் சீராக்கிய புல் ஆகியவை வாய்திறவாமல் அதனைக் கூறுகின்றன.

ஹாட்டி கார்த்தன் அம்மையாரிடம் பெருஞ்செல்வம் இல்லை. லிஸ் கிறிஸ்டி பதவியின் துணைகொண்டு தம் பணியைத் தொடங்கினாரல்லர். ‘அரசு செய்யட்டும்’ என்று இருவரும் காத்திருக்கவில்லை. ‘அரசு வேண்டா’ என்று ஒதுங்கவும் இல்லை. தாம் முதலில் கைவைத்து, பின்பு அரசையும் கைகொடுக்கச் செய்தனர். ஊர்கூடித் தேர் இழுப்பதே வழக்கம். ஆனால் வடத்தை முதலில் தொடுவதற்கு ஒருவர் வேண்டும் அன்றோ?

தெருவோரத்தில் ஒரு மரக்கன்றை நட்டு, கோடை முழுதும் அதற்கு நீர் ஊற்றிய சிறுவன், அத்தெருவில் பின்னர்க் குப்பை எறிய மனம் ஒருப்படான். அவன் வளர்த்தது மரம் ஒன்று மட்டுமன்று. ‘இத்தெரு என்னுடையது’ என்னும் உணர்வும் அதனோடு வளர்ந்துவிடுகிறது. பட்டா இன்றியும் பத்திரம் இன்றியும் ஒருவன் தன் ஊரைத் தனதாக்கிக் கொள்ளும் வழி அதுவேயாகும்.